வேகமில்லாத சர்வீஸும் 23-ஆம் இடமும்: ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய டென்னிஸ்

உங்களிடமிருந்து கேள்வி இரண்டாக வந்திருக்கிறது. 1980-களின் இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸ் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடி) அவ்வளவு மெதுவாக இருந்தும் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் வரை அவர் எப்படிப் போனார் என்பது ஒன்று. அதே ஆட்டத்தை இன்று உங்கள் 13 வயது மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஒழுங்காகப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதற்கு வழி கிடைக்கும். அதனால் முதலாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

ரமேஷைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் சொல் 'டச்'. பந்தைத் தடவி ஆடுவார், மென்மையான கை, அழகான ஆட்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொல் பாதி விஷயத்தை மறைத்துவிடுகிறது. அழகுக்காக யாரும் எட்டு ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) ஒற்றையர் பட்டங்கள் தருவதில்லை. அவர் எதிராளியிடமிருந்து பறித்தது நேரத்தை. அடியில் வேகம் இல்லாதவர், பந்தைச் சீக்கிரம் எடுத்து அந்த வேகத்தை ஈடுகட்டினார். அவர் ஜெயித்ததும் தோற்றதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

முதலில் விவரங்கள். 1961 ஜூன் 5 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். இரண்டாவது அரையிறுதிக்கு அப்பா போனபோது பிள்ளைக்கு வயது ஒரு மாதம். தாத்தா டி.கே. ராமநாதனும் ஆட்டக்காரர். அப்பா வென்று சரியாக 25 ஆண்டு கழித்து, 1979-இல், ரமேஷ் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டமும் அவருக்கே. பெரியவர்களின் ஆட்டத்துக்கு வந்தபின் மூன்று கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள்) காலிறுதிகள்: 1981 அமெரிக்க ஓப்பன், 1986 விம்பிள்டன், 1987 அமெரிக்க ஓப்பன். பட்டங்கள் மணிலாவில் 1981, ஸ்டுட்கார்ட்டில் 1982, மெட்ஸில் 1984, டோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் 1986, வெலிங்டனில் 1988, ஆக்லாந்தில் 1989, அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் 1990. 23-ஆம் இடத்தைத் தொட்டது 1985 ஜனவரியில். 1993-இல் ஓய்வு பெற்றார். 1998-இல் பத்மஸ்ரீ. அவருக்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் காலிறுதிக்கு எந்த இந்திய ஆண் வீரரும் போகவில்லை. தரவரிசையில் அவருக்குப் பின் வந்தவர்களில் அதிகபட்சம் சோம்தேவ் தேவ்வர்மன் எட்டிய 62.

இப்போது சர்வீஸுக்கு வருகிறேன். இது சோம்பலோ பயிற்சிக் குறையோ இல்லை. பெரும்பகுதி வடிவக் கணக்கு. மைதானத்தின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலை 11.89 மீட்டர். வலையிலிருந்து, சர்வீஸ் விழ வேண்டிய பெட்டியின் எல்லையான சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர். பந்து நேர்கோட்டில் போய் வலையைத் தாண்டிப் பெட்டிக்குள் விழ வேண்டுமென்றால், மட்டை பந்தைத் தொடும் உயரம் குறைந்தது 2.61 மீட்டர் இருக்க வேண்டும். ரமேஷின் உயரம் சுமார் 170 சென்டிமீட்டர். கையை முழுக்க நீட்டி, அந்தக் கால மட்டையையும் சேர்த்துப் பார்த்தால் 2.60-ஐத் தாண்டுவதே கஷ்டம். ஆக, மேலிருந்து கீழே குத்துகிற சர்வீஸ் அவருக்கு இயற்கையாகவே கிடையாது. பந்து ஒரு வளைவில் போய்த்தான் விழ வேண்டும். வளைவென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறையச் சுழல் கொடுக்க வேண்டும். 1986 விம்பிள்டன் காலிறுதியில் அவரை வீழ்த்திய யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோடான் ஜிவோயினோவிச் ஆறரை அடி உயரம். அவருடைய கை மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் பந்தைத் தொடும். இருவரும் ஒரே மைதானத்தில், ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் நின்றாலும் அவர்களுக்குத் திறந்திருந்த பெட்டி ஒன்றல்ல.

அதனால் ரமேஷ் சர்வீஸை ஆயுதமாக நினைக்கவே இல்லை. அது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற அடி, அவ்வளவுதான். முதல் சர்வீஸைப் பெட்டிக்குள் போடுவது, எதிராளியின் உடம்புக்கு நேராகவோ பேக்ஹேண்ட் (புறங்கை முன்னே வர அடிக்கும்) பக்கமோ போடுவது, திரும்பி வரும் முதல் பந்தை எங்கே எடுப்பது என்று தயாராக இருப்பது. மெதுவான சர்வீஸில் ஒரு சின்ன லாபமும் உண்டு: சர்வீஸ் போட்டவருக்குத் தன் கால்களைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். வேகமான சர்வீஸ் போட்டால் பதிலும் வேகமாக வரும்.

அவருடைய உண்மையான கணக்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. ஒரு சாதாரண பேஸ்லைன் ஆட்டக்காரர் கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்று, பந்து எழும்பி உச்சிக்குப் போய் இறங்கும்போது அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரமேஷ் கோட்டுக்கு அரை மீட்டர் உள்ளே நின்று, பந்து தரையில் பட்டு எழும்பும்போதே எடுக்கிறார். வித்தியாசம் இரண்டரை மீட்டர். தரையில் பட்ட பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால், அந்த இரண்டரை மீட்டரில் மிச்சமாவது 0.17 நொடி. அவர் திருப்பி அடிக்கும் பந்தும் இரண்டரை மீட்டர் குறைவாகத்தான் பயணம் செய்ய வேண்டும். நொடிக்கு 25 மீட்டர் என்றால் இன்னொரு 0.10 நொடி. மொத்தம் கால் நொடிக்குக் கொஞ்சம் மேல். நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடுகிற எதிராளிக்கு அது ஒன்றேகால் மீட்டருக்கும் மேலான தூரம். ஒற்றையர் மைதானத்தின் பாதி அகலமே 4.1 மீட்டர்தான். ஒவ்வொரு அடியிலும் ஒன்றேகால் மீட்டர் கடன் ஏறினால் மூன்றாவது அடியில் எதிராளி எட்டிப் பிடிக்கிறார், நான்காவதில் பந்து அவரைத் தாண்டிப் போகிறது. கேலரியில் இருப்பவர்களுக்கு அது மென்மையாகத் தட்டிவிட்ட பந்தாகத் தெரியும். ஓடுகிறவருக்கு அப்படித் தெரியாது.

இதற்குத் தேவையான கருவிகள் மூன்று. முதலாவது பிடி. சுத்தியலைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்தால் வருவது கான்டினென்டல் பிடி. அதற்கு நெருக்கமான பிடியில் ஆடினால் ஃபோர்ஹேண்டிலிருந்து (உள்ளங்கை முன்னே வரும் அடி) பேக்ஹேண்டுக்கு மாறும்போது கையைத் திருப்ப வேண்டியதில்லை. பந்தை அவ்வளவு சீக்கிரம் எடுப்பவருக்குப் பிடி மாற்ற நேரம் கிடையாது. இரண்டாவது, பின்னால் இழுப்பதைக் குறைப்பது. மட்டை இடுப்புக்குப் பின்னால் போகாது; தோளைத் திருப்பியதே போதும், மட்டை தானாக ஓரிடத்துக்கு வந்து நிற்கும். மூன்றாவது, சுழல் அதிகமில்லாத தட்டையான அடி. தட்டையாகப் போகிற பந்து வலைக்கு மேல் ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் போய், தரையில் பட்டபின் எழும்பாமல் சறுக்கும். எதிராளி முழங்காலுக்குக் கீழே குனிந்து எடுக்க வேண்டும். டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும்) ஆட்டக்காரர்களுக்கு இது நரகம். அவர்கள் பிடி மணிக்கட்டைக் கீழே திருப்பி வைத்திருக்கும். இடுப்புக்கு மேலே வருகிற பந்துக்காக அமைந்த பிடி அது.

அவருடைய ஹாஃப் வாலியை (பந்து தரையில் பட்டு எழும்பிய உடனே எடுக்கும் அடி) சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பந்து காலடியில் விழுகிறது. பெரும்பாலோர் ஒரு அடி பின்னால் போவார்கள். இவர் முன் காலை நீட்டி, பின் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு இறங்குவார். மட்டையின் தலை மணிக்கட்டுக்குக் கீழே தொங்காது. கை இறங்காமல் உடம்பு இறங்கும். மட்டை முகம் லேசாக மூடியிருக்கும். பந்து தரையிலிருந்து ஒரு சாணுக்குள் எழும்பியிருக்கும்போதே, முன் காலுக்கு முன்னால், மட்டையில் படும். அடி என்று தனியாக எதுவும் இல்லை. வந்த பந்தின் வேகமே திரும்பிப் போகும். மட்டை திசையை மட்டும் காட்டும். அந்தத் திசையும் கடைசி நொடி வரை எதிராளிக்குத் தெரியாது, ஏனென்றால் மட்டை பின்னால் போயிருந்தால்தானே முன்கூட்டியே படிக்க முடியும்? அதே தயாரிப்பிலிருந்து நீளமான பந்தும் வரும், குட்டையான டிராப் ஷாட்டும் வரும், தலைக்கு மேல் லாபும் வரும்.

இந்த ஆட்டம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சுத்தமான சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்வீடனின் மாட்ஸ் விலாண்டருடன் இரண்டு ஆட்டங்கள், இடைவெளி 13 மாதம்.

முதலாவது 1987 டிசம்பர், கோதன்பர்க். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதி. உள்ளரங்கில் களிமண் தரை போட்டிருந்தார்கள். முதல் ஒற்றையரில் ரமேஷை விலாண்டர் நேர் செட்களில் முடித்தார். இந்தியா 5-0 என்று தோற்றது. இரண்டாவது 1989 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்று, மெல்போர்னில் ரிபவுண்ட் ஏஸ் என்ற ரப்பர் கலந்த கடினத் தரை. இடைப்பட்ட 1988-இல் விலாண்டர் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா என்று மூன்று கிராண்ட்ஸ்லாம்களை வென்று உலக முதலிடத்துக்கு வந்திருந்தார். நடப்புச் சாம்பியனும் அவர்தான். ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று வென்றார். அந்த மாதக் கடைசியிலேயே இவான் லெண்டில் முதலிடத்தைத் திரும்பப் பிடித்துவிட்டார்.

என்ன மாறியது? ஆட்டக்காரர்கள் அதே இருவர். விலாண்டர் கிராண்ட்ஸ்லாம்களை வென்று இன்னும் பலமாகத்தான் வந்திருந்தார். மாறியது தரை. களிமண்ணில் பந்து படும்போது துகள்கள் உராய்ந்து அதன் முன்வேகத்தைத் தின்றுவிடும். பந்து உயர எழும்பி நிதானமாக வரும். ரமேஷ் கால் நொடியைப் பறித்தால் தரை அதை எதிராளியிடம் திருப்பிக் கொடுத்துவிடும். தட்டையான பந்து அங்கே சறுக்காது, அடிக்க வசதியாக இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். ஓடிக்கொண்டே இருக்கக்கூடிய விலாண்டருக்கு அது சொந்த வீடு. கடினத் தரையில் அந்தக் கடன் திரும்பி வராது. அதோடு விலாண்டரின் ஆட்டம் பொறுமையான ஆட்டம். பலமான சர்வீஸால் முதல் அடியிலேயே புள்ளியை முடிப்பவரல்ல. ரேலி, அதாவது பந்து இரு பக்கமும் மாறி மாறிப் போய் வருவது, நீளும். நீளும் ரேலியில் ஒவ்வொரு பந்தையும் சீக்கிரம் எடுப்பவருக்கு லாபம் கூடிக்கொண்டே போகும். ரமேஷுக்கு வாய்த்த எதிராளிகளில் முதலிடத்தில் இருந்த ஒருவர், வகையால் இவருக்கு மிகவும் பொருத்தமானவராக இருந்தார் என்பதே என் கணிப்பு.

அதற்காக 'ரமேஷுக்குக் களிமண் ஆகாது' என்று பலர் ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. பிரெஞ்சு ஜூனியர் பட்டம் களிமண்ணில் வந்தது. 1982-இல் ஸ்டுட்கார்ட் களிமண்ணில்தான் இறுதியில் சாண்டி மேயரை வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், களிமண்ணில், 19 வயது லியாண்டர் பயஸோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ஜெரால்டு-உட்பிரிட்ஜ் ஜோடியை வீழ்த்தி இரட்டையர் காலிறுதி வரை போனார். அந்த ஒலிம்பிக்கில் அரையிறுதியில் தோற்ற இரு ஜோடிக்கும் வெண்கலம் உண்டு; ஆக, பதக்கத்துக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கி. குரோவேஷியாவின் இவானிசெவிச்-ப்ர்பிச் ஜோடி அதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸின் ஃப்ரேஜூஸில் டேவிஸ் கோப்பை காலிறுதியின் முடிவு ஆட்டத்தில் ரொடோல்ஃப் ஜில்பேரை வென்று இந்தியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனபோது அவருக்கு வயது 32. வெயிலில் காய்ந்து இறுகிய களிமண்ணில், மேலே துகள் மெலிதாக இருந்தால், பந்து ஓரளவு வேகமாகவே வரும். அங்கே அவர் ஆட்டம் எடுபட்டது. ஈரப்பதம் மாறாத உள்ளரங்கக் களிமண், ஐந்து செட் ஆட்டம், எதிரே களிமண்ணிலேயே வளர்ந்த ஸ்வீடன் வீரர் என்ற மூன்றும் சேர்ந்தபோதுதான் எடுபடவில்லை.

இனி, அவருடைய ஆட்டத்தின் உச்சமாக நான் நினைப்பது விலாண்டர் வெற்றியை அல்ல. அதற்குமுன் 1987 அக்டோபரில் சிட்னி வைட் சிட்டி புல் தரையில் நடந்த டேவிஸ் கோப்பை அரையிறுதியை. ஆஸ்திரேலியாவை அதன் சொந்தப் புல்லில் எதிர்கொண்டது விஜய் அமிர்தராஜ் தலைமையிலான அணி. முதல் ஒற்றையரில் ரமேஷ் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார். ஆட்டம் 2-2 என்று வந்து ஐந்தாவது ஆட்டத்தில் நின்றது. எதிரே வாலி மசூர். அந்த ஜனவரியில்தான் அவர் ஆஸ்திரேலிய ஓப்பனில் போரிஸ் பெக்கரை வீழ்த்தி அரையிறுதி வரை போயிருந்தார், அதுவும் புல் தரையில். ரமேஷ் 8-6, 6-4, 6-4 என்று முடித்தார். முதல் செட் 8-6 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; டேவிஸ் கோப்பையில், செட் 6-6 ஆனதும் அதை முடித்து வைக்கும் டை-பிரேக்கர் 1989-இல்தான் வந்தது, அதுவரை இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும்.

சர்வீஸ் போட்டு உடனே வலைக்கு ஓடி வருகிறவரை, சர்வீஸ் பலமில்லாதவர் புல்லில் எப்படி வெல்வது? பதில் சர்வீஸைத் திருப்பும் விதத்தில் இருக்கிறது. ஓடி வருகிறவர் முதல் வாலியை (பந்து தரையில் படுமுன் அடிப்பது) எடுக்கும்போது சர்வீஸ் கோட்டின் பக்கத்தில்தான் இருப்பார், வலையில் அல்ல. பின்னால் நின்று பலமாகத் திருப்பினால் அதற்குள் அவர் இரண்டு எட்டு கூடுதலாக வந்து, மார்பு உயரத்தில் வாலி அடித்து முடித்துவிடுவார். முன்னால் நின்று, எழும்பும்போதே தடுத்து, மெதுவாகத் தாழ்வாக அனுப்பினால் பந்து அவர் காலணியை நோக்கி இறங்கும். அவர் கீழிருந்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய பந்து நமக்கு இடுப்பு உயரத்தில் வரும். அடுத்த அடியில் அவரைத் தாண்டி அடிக்கலாம். இந்த இரண்டு அடி முறையில் பலம் எங்குமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படுவது முன்னால் நிற்கும் துணிச்சலும், மட்டையை ஆட்டாமல் வைக்கும் கையும்.

எதிராளி எப்படிப்பட்டவராக இருந்தால் இது உடையும்? பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 1981 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஜான் மெக்கன்ரோவிடம் முதல் செட்டை டை-பிரேக்கரில் பறித்தார் 20 வயது ரமேஷ். அதன்பின் அடுத்த மூன்று செட்டையும் இழந்து தோற்றார். மெக்கன்ரோவும் பந்தைச் சீக்கிரம் எடுப்பவர். அதோடு இடது கை சர்வீஸை வெளியே வெட்டி ஆளையே மைதானத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். ஒரே ஆயுதம் இருவரிடமும் இருக்கும்போது, கூடுதலாகச் சர்வீஸ் வைத்திருப்பவர் ஜெயிப்பார். 1986-இல் ஜிவோயினோவிச்: சர்வீஸே ரேலியைத் தொடங்க விடாது. 1987 அமெரிக்க ஓப்பனில் ஸ்டீஃபன் எட்பர்க், 6-2, 6-2, 6-2. எட்பர்க்கின் சர்வீஸ் வேகத்தால் அல்ல, எழும்பும் உயரத்தால் கொல்லும். 170 சென்டிமீட்டர்க்காரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டில் தோளுக்கு மேலே வந்து நிற்கும். காலடியில் பந்தை இறக்க வேண்டுமென்றால் அந்த உயரத்திலிருந்து கட்டுப்படுத்த முடியாது. எட்பர்க் அதற்குள் வலையில் நிற்பார். மறுபக்கம், ரமேஷின் இரண்டாவது சர்வீஸை இவர்கள் எல்லோரும் உள்ளே வந்து அடித்தார்கள். ஐந்து செட்டில் அந்தச் சுமை கூடிக்கொண்டே போகும்: தன் சர்வீஸ் கேமை ஒவ்வொரு முறையும் உழைத்து வாங்க வேண்டும், எதிராளிக்கு அது இலவசமாக வரும்.

காலமும் அவருக்கு எதிராக ஓடியது. அவர் கற்றுக்கொண்டது மர மட்டையில். மர மட்டையின் தலை 65 முதல் 70 சதுர அங்குலம். எடை 370 கிராமை ஒட்டி. அதில் பலமாக வீசினால் நடுவில் படாமல் பந்து எங்கோ போகும். அதனால் எல்லோருமே ஓரளவு அடக்கி ஆடினார்கள். கை நுணுக்கம் உள்ளவருக்கு மதிப்பு இருந்தது. 1980-களின் நடுவில் கிராஃபைட் எங்கும் பரவியது. தலை பெரிதாகி, சட்டம் விறைப்பாகி, தப்பாகப் பட்ட பந்தும் உள்ளே விழ ஆரம்பித்தது. லாபம் அதிகம் பலமாக வீசுகிறவர்களுக்கு. ரமேஷின் நுணுக்கத்துக்கு அதில் கிடைத்த கூடுதல் கொஞ்சம்தான். இப்படிப் பார்த்தால் 1987, 1989 வெற்றிகள் இன்னும் பெரியவை. மற்றவர்கள் கையில் புதுக் கருவி வந்தபின் கிடைத்தவை அவை.

அவர் ஓய்வுக்குப் பின் இன்னும் இரண்டு மாற்றங்கள். 1997-இல் குஸ்டாவோ குவெர்ட்டன் பாலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சு ஓப்பனை வென்றபின் அது மெல்ல எல்லோருக்கும் பொதுவானது. அந்த நரம்பு பந்தில் போடும் சுழல் முன்பு கிடைக்காதது. பந்து வலைக்கு வெகு மேலே போய்ச் சட்டென்று இறங்கி, செங்குத்தாக எழும்பும். எழும்பும் பந்தைப் பாதியில் எடுப்பது அதனால் பல மடங்கு கடினம். 2001-இல் விம்பிள்டன் தன் புல்லை முழுக்க ரைகிராஸாக மாற்றியது. தரை இறுகியது, பந்து முன்பைவிட உயரமாக எழும்புகிறது. தட்டையான பந்து சறுக்கி ஒளிந்துகொள்ளும் இடம் சுருங்கிவிட்டது.

ஆனாலும் அந்தக் கணக்கு செத்துப்போகவில்லை. ஆந்த்ரே அகாசி இரண்டு கை பேக்ஹேண்டோடு கோட்டின் மேலேயே நின்று அதே நேரத்தைப் பறித்தார். தைவானின் ஷியே சு-வெய் பலமே இல்லாத சர்வீஸோடு 2018 விம்பிள்டனில் அப்போதைய முதலிடக்காரர் சிமோனா ஹாலெப்பை வீழ்த்தினார். பெண்கள் ஆட்டத்தில் சர்வீஸின் ஆதிக்கம் ஆண்கள் ஆட்டத்தைவிடக் குறைவு. அதனால் உங்கள் மகளின் விஷயத்தில் நான் நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்: கற்றுக் கொடுக்கலாம். ஆனால் ரமேஷை அப்படியே படியெடுக்கக் கூடாது.

எதை விட வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். கான்டினென்டல் பிடியில் ஃபோர்ஹேண்ட் வேண்டாம். இன்றைய பந்து எழும்பும் உயரத்தில் அந்தப் பிடி மணிக்கட்டையும் முழங்கையையும் வதைக்கும். ஃபோர்ஹேண்டுக்கு ஈஸ்டர்ன் பிடி போதும். உள்ளங்கையை நரம்புப் பரப்பில் வைத்து அப்படியே கீழே இறக்கிக் கைப்பிடியைப் பற்றினால் அது கிடைக்கும். சர்வீஸ், வாலி, ஸ்லைஸ் (பந்தை வெட்டி அடிப்பது) மூன்றுக்கும் கான்டினென்டல் கட்டாயம். மட்டை 260 முதல் 280 கிராம், தலை 98 அல்லது 100 சதுர அங்குலம். நரம்பு மென்மையான மல்டிஃபிலமென்ட் (பல நுண்ணிழைகள் சேர்ந்தது), 48 முதல் 52 பவுண்டு இழுவை. இந்த வயதில் பாலியெஸ்டர் வேண்டாம். வளரும் கைக்கு அந்த விறைப்பு நல்லதல்ல, பந்தை மட்டையில் உணரும் பழக்கமும் கெடும்.

பயிற்சிக்கு முதலில் பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் உள்ளே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அதற்குப் பின்னால் அவள் கால் போகக் கூடாது. எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோட்டிலிருந்து ஒருவர் நிதானமாகப் பந்து போடட்டும். இருபது பந்தில் எத்தனை எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே விழுகிறது என்று எண்ணுங்கள். முதல் வாரம் ஏழெட்டு வந்தாலே நல்லது. பதினான்கு வந்தபின்தான் பந்து போடுகிறவர் பின்னால் போய் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இங்கே தவறும் இடங்கள் எப்போதும் இவைதான். பந்து உயரமாக மிதந்து போனால் உடம்பின் எடை பின் காலில் இருக்கிறது. முன் காலை வைக்கச் சொல்லுங்கள். பந்து வலையில் விழுந்தால் முழங்கால் மடங்காமல் கை மட்டும் இறங்குகிறது. பந்து சட்டத்தில் பட்டால் மட்டையைப் பின்னால் இழுத்தது அதிகம். முதுகுக்குப் பின்னால் வேலியோ சுவரோ இருக்கும் இடத்தில் ஒட்டி நிற்க வைத்து நாற்பது பந்து தட்ட விட்டால் அந்த இழுப்பு தானாகக் குறையும். பந்து பக்கவாட்டில் சிதறினால் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது. பந்து எழும்பும்போது தலையைத் தூக்கி எதிராளியைப் பார்ப்பதுதான் கடைசியாகப் போகும் தவறு. பந்து மட்டையில் பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நொடி நிற்கச் சொல்லிப் பழக்க வேண்டும்.

சர்வீஸ் திருப்புவதற்கு, சர்வீஸ் போடுகிறவரைப் பேஸ்லைனிலிருந்து மூன்று மீட்டர் வலைப் பக்கம் நெருங்கி நின்று போடச் சொல்லுங்கள். நேரம் குறையும், பின்னால் இழுக்க வாய்ப்பே இருக்காது. எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோட்டின் இரண்டு மூலையிலும் ஒரு பந்து டப்பாவை வைத்து அதைக் குறிவைக்கட்டும்.

சர்வீஸை மட்டும் ரமேஷிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கை நுணுக்கம் உள்ள பிள்ளைகளுக்குச் சர்வீஸில் அலட்சியம் காட்டுவதைப் பல மைதானங்களில் பார்க்கலாம். பதினான்கு வயதுப் போட்டிகளில் அது தெரியாது, பதினெட்டில் தெரியும். வேகம் பிறகு வரட்டும். இப்போது தேவை சுழலுள்ள இரண்டாவது சர்வீஸ். பந்தை எறியும் கை முழுக்க நீண்டு, பந்து தலைக்குச் சற்று இடப்பக்கமாக ஏற வேண்டும் (வலக்கைக்காரர் என்றால்). மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை வாரிக்கொண்டு போக வேண்டும். வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் போய் உள்ளே விழுந்தால் சரியான பாதை. ஒரு நாளைக்கு அறுபது சர்வீஸுக்கு மேல் வேண்டாம். தோளில் வலி என்றால் அன்று நிறுத்திவிட்டு, ஓய்வில் ஆறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னையில் இருந்தால், தந்தையும் மகனும் 1995-இல் தொடங்கிய கிருஷ்ணன் டென்னிஸ் மையத்தில் விசாரித்துப் பாருங்கள். வேறு எங்கே சேர்த்தாலும், முதல் நாள் பயிற்சியாளர் பிள்ளையை எங்கே நிற்க வைக்கிறார் என்று கவனியுங்கள். வந்த பந்தையெல்லாம் வேலியோரம் போய் நின்று அடிக்க விட்டால், இந்த ஆட்டம் அங்கே கிடைக்காது.